தெருநாயும் உரிமையாளரும்: நகர விதிகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

நாயைப் பற்றி எழுத இப்ப என்ன வந்துவிட்டது என்று தோழர்கள் கேட்கக்கூடும். மனிதர்களுக்கே நாதியில்லாத ஊரில் நாய்க்கு என்ன விதி, நாய்க்கு என்ன கமிட்டி என்பது நம்மிடையே பொதுவாக இருக்கிற மனநிலை. நியாயமான எரிச்சல்தான். ஆனால் இந்த எரிச்சலோடு நாம் ஒதுங்கிக்கொள்ளும்போது விதி எழுதுகிற வேலை முழுக்க இரண்டு தரப்பாரின் கைக்குப் போய்விடுகிறது. ஒரு பக்கம் பிராணி நேயர்கள். இன்னொரு பக்கம் 'தெருவைச் சுத்தப்படுத்து' என்கிற குடியிருப்போர் நலச் சங்கங்கள். தொலைக்காட்சியில் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் கத்துகிறார்கள். இருவருமே இரவானால் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறவர்கள் என்பது அந்தச் சத்தத்தில் மறந்துபோகிறது.

கொல்வதா காப்பதா என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வைப்போம். நகர நாய் விதிகளைப் பிரதிகளாக எடுத்துக்கொண்டு வாசிப்போம். ஒவ்வொரு முறை திருத்தப்படும்போதும் அவை யாரைப் பார்த்துப் பேசுகின்றன? யாரை வாய் திறக்காமல் தாண்டிப்போகின்றன? சட்டம் மனிதர்களைக் கூப்பிட்டு நிறுத்துகிறது, கூப்பிட்டவுடன் திரும்பிப் பார்க்கிறவன் குடிமகன் ஆகிறான் என்ற அல்தூஸரின் கருத்து நமக்குத் தெரிந்ததுதான். நாய் விதி கூப்பிடுவது எப்போதும் ஒரே ஆளைத்தான். அவர் பெயர் 'உரிமையாளர்'.

2

நாய் விதியைத் திருத்தப்போய் ஒரு நகரம் கலவரத்தில் மாட்டிக்கொண்ட கதை உண்டு. பம்பாயில் ஆண்டின் குறிப்பிட்ட சில வாரங்களில் மட்டும் தெருநாய்களைக் கொல்லலாம் என்று 1813 முதல் ஒரு விதி இருந்தது. 1832-இல் போலீஸ் மாஜிஸ்திரேட் அந்தக் கால அளவை நீட்டித்தார். நாய் ஒன்றுக்கு எட்டணா. எட்டணா என்றதும் எது வீட்டு நாய், எது தெருநாய் என்ற வித்தியாசம் கான்ஸ்டபிள்களுக்கு இல்லாமல் போயிற்று. ஜூன் 6 பார்சிகளுக்குப் புனித நாள். நாய் அவர்களது சமயத்தில் மதிப்புக்குரிய பிராணி. நாய் பிடிக்க வந்த கான்ஸ்டபிள்களை அடித்தார்கள். மறுநாள் கடையடைப்பு. இந்துக்கள், சமணர்கள், இஸ்மாயிலிகள் என்று பலரும் சேர்ந்துகொண்டார்கள். பட்டாளத்துக்குப் போகவேண்டிய உணவும் தண்ணீரும் நின்றன. கடைசியில் பட்டாளமே வந்துதான் அடக்கியது.

இதைக் காலனிய ஆட்சிக்கு எதிரான எதிர்ப்பாக வாசிக்கலாம், வாசித்தும் இருக்கிறார்கள். நமக்கு வேண்டியது இதன் முடிவு. 1834-இல் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் முதலான பெருவணிகர்கள் முன்னின்று பம்பாயில் பிஞ்சராபோல் ஏற்பட்டது. ஆட்சியாளரும் வணிகரும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். எட்டணாவுக்காகத் தடியைத் தூக்கியவரைப் பற்றி, அவர் அடி வாங்கினார் என்பதற்கு மேல் பேச்சில்லை. உத்தரவு போட்டவர் வேறு, கருணை காட்டியவர் வேறு, கையில் இரத்தம் பட்டவர் வேறு. இந்த வேலைப் பிரிவினை இன்றுவரை மாறவில்லை என்பதே என் வாதம்.

3

சொந்தக்காரர் இல்லாத நாய்க்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரைக் கவனியுங்கள்: 'பறையா டாக்'. தமிழ்நாட்டுச் சாதி ஒன்றின் பெயரை எடுத்துக்கொண்டுபோய் இந்தியத் தெருநாய் அத்தனைக்கும் வைத்தார்கள். அகராதிகளில் அது ஏறியது. நாய் இனங்களைப் பட்டியலிடும் புத்தகங்களில் விலங்கியல் சொல்லைப் போல இன்றும் புழங்குகிறது. வெள்ளைக்காரன் இதைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஊருக்குள் வராதே, வாசலைத் தொடாதே என்று ஒரு மனிதக் கூட்டத்தையே நிறுத்திவைத்திருந்த சமூகம் அவனுக்கு உவமையைத் தயாராக எடுத்துக் கொடுத்தது. உடைமை இல்லாதவர், உடையவர் இல்லாத பிராணி: இரண்டையும் ஒரே சொல்லில் அடக்க முடிந்தது.

காந்தி இந்த இடத்தில் வருகிறார். 1926-இல் அகமதாபாத் ஆலை முதலாளி ஒருவர் தன் ஆலை வளாகத்தில் சுற்றிய அறுபது நாய்களைக் கொல்லவைத்தார். அகிம்சைவாதி என்ன சொல்வார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். காந்தி 'யங் இந்தியா'வில் தொடர்ந்து எழுதி, அந்த முதலாளி வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்டார். தெருநாய்க்குச் சோற்றை வீசுவது போலிக் கருணை. உடையவர் இல்லாத நாய் சமூகத்துக்கு ஆபத்து. உண்மையான இரக்கம் இருந்தால் பொறுப்பேற்று வளர்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. கடிதங்கள் குவிந்தன. அன்றைய சமண வணிகர்களின் புண்ணியக் கணக்கை இவ்வளவு நேராகக் கேள்வி கேட்டவர் வேறு யாருமில்லை. அந்தத் துணிச்சலை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அவரும் போய் நிற்கும் இடம் எது? உரிமையாளர். உரிமையாளர் இல்லாத உயிருக்கு நகரத்தில் இடமில்லை. தர்மகர்த்தா கோட்பாடு நாய்க்கும் நீள்கிறது.

1960-இல் வந்த பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் பின்னால் ருக்மிணி தேவி அருண்டேலின் உழைப்பு இருக்கிறது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியம் சென்னையிலிருந்து இயங்கியது. அவர்தான் முதல் தலைவர். அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு எவையெல்லாம் வதை என்று பட்டியல் போடுகிறது. பட்டியல் முடிந்ததும் எவையெல்லாம் வதையில் சேராது என்று இன்னொரு பட்டியல். அதில் ஒன்று, தெருநாய்களை நச்சறையில் அழிப்பது. வதையைத் தடுக்கிற பிரதிக்குள்ளேயே தெருநாய்க்கு மட்டும் ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. இதைக் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. வண்டி மாட்டை அடித்தால் அதற்கு ஒரு உடையவன் இருக்கிறான், அவனைக் கூப்பிட்டுக் கேட்கலாம். தெருநாய் விஷயத்தில் சட்டம் யாரைக் கூப்பிடும்?

4

சென்னை மாநகராட்சி பல பத்தாண்டுகள் நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். ப்ளூ கிராஸ் அமைப்பு 1960-களிலிருந்தே இதற்கு மாற்றாகக் கருத்தடையைச் சொல்லிவந்தது. 1996-இல் மாநகராட்சி அதை ஏற்றது. 2001-இல் மத்திய அரசு விலங்குக் கருத்தடை (நாய்கள்) விதிகளை அறிவித்தது: பிடி, அறுவை செய், தடுப்பூசி போடு, பிடித்த இடத்திலேயே விடு. காதில் ஒரு சின்ன வெட்டு அடையாளம்.

இது பெரிய மாற்றம். நாய் பிழைத்தது என்பதில் மகிழ்ச்சி அடையாதவன் மனிதனே அல்ல. அதே சமயம் ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இந்த மாற்றத்தின் வடிவம் பழக்கமானதாக இருக்கும். சாகடிக்கிற அதிகாரம் பின்வாங்கி, பிறப்பை எண்ணி நிர்வகிக்கிற அதிகாரம் முன்னே வருகிறது. கணக்கெடுப்பு, இலக்கு, ஒரு அறுவைக்கு இவ்வளவு என்று தொண்டு நிறுவனத்துக்குப் பணம், உடலில் அடையாளம். 1976-77-இல் ஒரே ஆண்டில் 80 லட்சம் பேருக்கு மேல் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்த அரசு எந்திரத்துக்கு இந்த நடைமுறை புதிதா என்ன? மனிதரையும் நாயையும் ஒன்றாக்குகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஏழையைப் பார்த்தாலும் தெருநாயைப் பார்த்தாலும் அலுவலகத்துக்கு முதலில் தோன்றுகிற யோசனை ஒன்றாகவே இருக்கிறது என்கிறேன். விதிக்கு வைத்த பெயரையே பாருங்கள். கருத்தடை என்பது தலைப்பில் இருக்கிறது. ஆளைக் கொல்கிற வெறிநோய் தலைப்பில் இல்லை.

2001 விதியில் நாய் பிடிக்கும் குழு பற்றி ஒரு பகுதி உண்டு. வண்டி ஓட்டுநர், பயிற்சி பெற்ற ஊழியர் இரண்டு பேர் அல்லது அதற்கு மேல், விலங்கு நல அமைப்பின் பிரதிநிதி ஒருவர். சுருக்கை வீசுகிறவர் ஒருவர். அவர் சரியாக வீசுகிறாரா என்று பார்க்க இன்னொருவர். நாயின் மீது கொடுமை நடந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. சரிதான். ஆனால் கண்காணிப்புக் குழு என்று வருகிறபோது ஆணையர் இருக்கிறார், சுகாதாரத் துறை இருக்கிறது, கால்நடை மருத்துவர் இருக்கிறார், விலங்கு நல அமைப்புகள் இருக்கின்றன. நாய் பிடிக்கிறவர் இல்லை. குப்பை அள்ளுகிறவர் இல்லை. கடி வாங்கியவர் இல்லை. நம் ஊரில் 'நாய் பிடிக்கிறவன்' என்பதே ஒரு வசவு. அந்த வேலைக்கு வருகிறவர்கள் எந்தச் சேரியிலிருந்து வருகிறார்கள் என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? கொன்ற காலத்தில் பாவம் அவர் தலையில். காக்கிற காலத்தில் சந்தேகம் அவர் மேல்.

5

2023 மார்ச்சில் விதிகள் புதுப்பிக்கப்பட்டன. இப்போது ஒரு புதிய சொல் வருகிறது: சமூக விலங்கு. ஆங்கிலத்தில் 'கம்யூனிட்டி அனிமல்'. தெருநாய் என்ற சொல்லின் இழிவு நீங்க வேண்டும் என்கிற நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் எது அந்தக் கம்யூனிட்டி? நம்ம ஊரில் கம்யூனிட்டி என்றால் தாசில்தார் ஆபீசில் கொடுக்கிற சர்டிபிகேட்டுதான் ஞாபகம் வரும். விதியின் 20-ஆவது பகுதி விடை சொல்கிறது. சமூக விலங்குக்கு உணவளிக்கும் ஏற்பாட்டைச் செய்யவேண்டியவர்கள் குடியிருப்போர் நலச் சங்கம், அடுக்குமாடி உரிமையாளர் சங்கம், அல்லது அப்பகுதி உள்ளாட்சியின் பிரதிநிதி. சாப்பாடு வைக்கிற இடம் படிக்கட்டு, நுழைவாயில், குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

படிக்கட்டு, நுழைவாயில், விளையாட்டிடம். இந்தப் பிரதியின் கண்ணில் இருக்கிற தெரு எது என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. பாரிமுனை நடைபாதையில் குடும்பம் நடத்துகிறவருக்கு நுழைவாயில் எது, படிக்கட்டு எது? அவர் சமைக்கிற இடம்தான் குழந்தை விளையாடுகிற இடம், அதுதான் நாய் படுக்கிற இடம். உண்மையில் தெருநாயோடு சமூகமாக வாழ்கிறவர் அவர்தான். இரவில் யார் வருகிறார்கள் என்று குரைத்துச் சொல்லும் நாய் அவருக்குக் கதவு, தாழ்ப்பாள், காவல்காரன் எல்லாம். அதே நாய் வெறி பிடித்தால் முதல் கடி அவர் குழந்தைக்கு. அன்பும் ஆபத்தும் ஒரே சாக்குத் துணியில் படுத்திருக்கிற அந்த வாழ்க்கைக்கு விதியில் ஒரு வரிகூட இல்லை. 2025-இல் சென்னை மாநகராட்சி உரிமம் இல்லாத வளர்ப்பு நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தது. உரிமத்துக்கு முகவரி வேண்டும். பிளாஸ்டிக் கயிற்றில் கட்டி ஒரு நாயை வளர்க்கிற நடைபாதைவாசி எந்த முகவரியைக் கொடுப்பார்?

உரிமையாளர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுப் பெண் குழந்தையை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அவை உரிமையாளர் உள்ள நாய்கள். கடிபட்டது பூங்காக் காவலாளியின் மகள். அந்தக் குடும்பம் பூங்காவிலேயே குடியிருந்தது. பிறருக்கு உலாவப்போகிற இடம், அந்தக் குழந்தைக்கு வீடு. சொத்தாக வளர்க்கப்பட்ட நாய், சொத்தில்லாதவரின் வீட்டுக்குள் வந்து கடித்தது. 'தெருநாய் அபாயம்' என்கிற சொல்லாடலுக்குள் இந்தச் சம்பவத்தை எங்கே வைப்பது?

6

இனி 2025. ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, தில்லி வட்டாரத்துத் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும், திரும்ப விடக் கூடாது என்று உத்தரவிட்டது. நாடெங்கும் பிராணி நேயர்கள் கொதித்தார்கள். ஆகஸ்ட் 22-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது: வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றை அறுவையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடலாம், தெருவில் கண்ட இடத்தில் சோறு வைக்கக் கூடாது, அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் வைக்கலாம், வழக்கில் வந்து சேர்ந்த நாய் நேயர் ஒவ்வொருவரும் 25,000 ரூபாய், தொண்டு நிறுவனம் ஒவ்வொன்றும் 2 லட்சம் கட்ட வேண்டும். நவம்பர் 7-இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்ற வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக் கூடாது என்று மற்றோர் உத்தரவு.

அந்த 25,000 ரூபாயைப் பாருங்கள். பணம் காப்பக வசதிகளுக்குப் போகிறது என்பது வேறு விஷயம். நாய்க்காக நீதிமன்றத்தில் பேச ஒரு விலை இருக்கிறது. அதைக் கொடுக்கக்கூடியவர் வர்க்கமும் தெரிகிறது. கடிபட்ட கூலிக்காரர் அங்கே புள்ளிவிவரமாகப் போயிருக்கிறார். டீக்கடை வாசலில் பன்னைப் பிய்த்துப் போடுகிறவர், விதிமீறலாக மட்டும் போயிருக்கிறார்.

அதே வாரம் நம் ஊரில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் பணியைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் கட்டிட வாசலில் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள்தான் அதிகம். 13-ஆம் தேதி நள்ளிரவில், நீதிமன்ற உத்தரவைக் காட்டி, காவல்துறை அவர்களைத் தூக்கி அப்புறப்படுத்தியது. தெருவை யார் பயன்படுத்தலாம், யார் அங்கே படுக்கலாம், யாரைப் பிடித்து வண்டியில் ஏற்றலாம் என்று இரண்டு ஊர்களில் ஒரே வாரத்தில் இரண்டு உத்தரவுகள். ஒப்புமை அலங்காரத்துக்காக இதைச் சொல்லவில்லை. நாய்ப் பெருக்கத்துக்கு அடிப்படை தெருவில் கிடக்கும் குப்பை. குப்பையை அள்ளுகிறவரின் வேலை நிலையில்லாமல் போனால் நாய் விதி வெறும் தாள். இந்த எளிய காரண காரியம் எந்த நாய் விவாதத்திலும் அடிபடவில்லை. விடியற்காலை நாலு மணிக்குத் தொட்டிக்குள் கை விடும்போது நாயோடு மல்லுக்கட்டுகிறவரும் அவர்தான்.

7

கடைசியில் நோய்க்கு வருவோம். உயிர்ப் பிரச்சினை இங்கேதான். 1902-இல் தென்னிந்தியாவில் ஒரு ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். ஊசி போட வடக்கே கசௌலிக்குத்தான் போக வேண்டியிருந்தது. அதன் விளைவாக 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்தது. நல்ல காரியம். வெள்ளையர் குடியிருந்த மலைமேல் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசி' என்று நம் கிராமங்கள் நடுங்கியது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த செம்பிள் தடுப்பூசிக்கு. சிலருக்குப் பக்கவாதம் வரை கொண்டுபோகக்கூடிய மருந்து. 1980-களிலேயே நவீனத் தடுப்பூசி தனியார் மருத்துவமனைகளில் கிடைத்தது. அரசு மருத்துவமனையில் ஏழைக்கு ஆட்டு மூளை ஊசி 2004 வரை தொடர்ந்தது. இருபது ஆண்டுகளாக ஒரே கடிக்கு இரண்டு மருந்து!

இந்தியாவில் வெறிநோயால் ஆண்டுக்குச் சுமார் 20,000 பேர் சாகிறார்கள் என்று 2003-இல் நடந்த ஆய்வு மதிப்பிட்டது. 2024-இல் வெளியான ஆய்வு இதைச் சுமார் 5,700 என்கிறது. குறைந்திருக்கிறது, காரணம் நாயைக் கொன்றதோ அடைத்ததோ இல்லை, கடிபட்டவருக்கு ஊசி கிடைத்ததுதான் முக்கியமானது. நாய்களில் 70 சதத்துக்குத் தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. கோவாவில் ஆண்டுதோறும் பெருமளவில் தடுப்பூசி போட்டதில் நாய்களிடம் வெறிநோய் 92 சதம் குறைந்ததை 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தத் தடுப்பூசிக்கு உரிமையாளர் தேவைப்படவில்லை. வலையும் ஊசியும் சம்பளம் வாங்குகிற ஆட்களும் போதுமாக இருந்தது. சென்னையில் 2024 கணக்கெடுப்பின்படி தெருநாய்கள் சுமார் 1.8 லட்சம். இதில் 70 சதம் என்பது எட்ட முடியாத எண்ணல்ல.

கடிபட்டவர் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசிக்குப் போக வேண்டும். ஊசி இலவசம். நாலு நாள் கூலி? காயம் ஆழமாக இருந்தால் இம்யூனோகுளோபுலின் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இல்லையென்றால் மாவட்டத் தலைநகருக்கு பஸ் செலவு? மூன்றாவது ஊசியோடு நின்றுபோகிறவரைப் 'படிப்பறிவில்லாதவர்' என்று அறிக்கை எழுதுகிறார்கள். நாய்க்கு அறுவைக்கு இவ்வளவு என்று பைசா சுத்தமாகக் கணக்குப் போடத் தெரிந்த விதிக்கு இந்தக் கூலிக் கணக்கு மட்டும் தெரியவில்லை.

ஆகவே அடுத்த திருத்தம் வரும்போது நாம் ஒதுங்கி நிற்காமல் சிலவற்றைக் கேட்க வேண்டும். வார்டு அளவிலான குழுவில் தூய்மைப் பணியாளர், நாய் பிடிக்கும் தொழிலாளி, நடைபாதைவாசி, கடிபட்டவர் ஆகியோருக்கு இடம். அவர்களுக்கு முன்கூட்டியே போடும் தடுப்பூசியும் நிரந்தர வேலையும். விதியின் முதல் இலக்காகக் கருத்தடை எண்ணிக்கைக்குப் பதில் தடுப்பூசி விழுக்காடு. ஊசி போட்டுக்கொள்ளும் நாலு நாளுக்குக் கூலி. முகவரி இல்லாதவர் வளர்க்கும் நாய்க்கும் இலவசத் தடுப்பூசியும் அட்டையும். இவை புரட்சிகரமான கோரிக்கைகள் இல்லைதான். ஆனால் 1813-இலிருந்து எழுதித் திருத்தப்பட்டுவரும் இந்தப் பிரதியில் உரிமையாளர் அல்லாத ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிடும் முதல் வரியாக இவை இருக்கும். தெருவில் படுக்கிறவர்களின் சங்கங்களும் தூய்மைப் பணியாளர் சங்கங்களும் இதைக் கையிலெடுத்தால் பிராணி நேயர்களில் நேர்மையானவர்கள் கூட வருவார்கள். வராதவர்கள் எதை நேசிக்கிறார்கள் என்பது அப்போது தெரிந்துவிடும்.